ஒரே கனெக்‌ஷன், இரண்டு மாடி: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, ஒரு லேன் கேபிளா?

பைபர் கனெக்‌ஷன் போட வருகிறவர் பெட்டியை எங்கே மாட்டுவார்? கம்பத்திலிருந்து இழுத்த வயர் வீட்டின் எந்தச் சுவரை முதலில் தொடுகிறதோ அங்கே. பெரும்பாலும் தரைத்தள ஹாலில், ஜன்னல் ஓரமாக, டிவிக்குப் பின்னால். கம்ப்யூட்டர்கள் இருப்பதோ மாடியில். அந்தத் தகராறு அவர் போன பிறகுதான் ஆரம்பிக்கும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் வீடு தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பார்க்கக்கூடியது. தரைத்தளம், மேலே ஒரு மாடி. நடுவில் 5 அங்குல காங்கிரீட் தளம், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. வெளிச்சுவர் 9 அங்குலச் செங்கல். கீழே ஒரு டெஸ்க்டாப், பிரிண்டர், டிவி. மேலே இரண்டு லேப்டாப்: ஒன்றில் ஆபீஸ் வேலை, இன்னொன்றில் கல்லூரிப் படிப்பு. ஏழெட்டு போன்கள். 100 எம்பிபிஎஸ் திட்டம் (டாக்டர் பட்டம் இல்லை, வேகம்தான்). ஹாலில் எல்லாம் பறக்கிறது. மாடி அறைக் கதவைச் சாத்தினால் வீடியோ அழைப்பில் முகம் உறைந்து நிற்கிறது.

கடையில் கேட்டால் "நாலு ஆன்டெனா வச்ச ரவுட்டரா போடுங்க சார்" என்பார்கள். ஆன்டெனாவை எண்ணி வாங்கினால் தளத்தில் ஓட்டை விழாது. வைஃபை என்பது இருவழிப் பேச்சு. ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், மாடியிலிருந்து லேப்டாப் சன்னமான குரலில் சொல்லும் பதில் அதன் காதில் விழுந்தாக வேண்டும். அதனால் எந்த ரவுட்டர் என்பதை அப்புறம் பார்க்கலாம். தளத்தைச் சிக்னல் எந்த வழியாகக் கடக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்: காற்று வழியா, லேன் கேபிள் வழியா, கரண்ட் வயர் வழியா, இல்லை கடக்கவே வேண்டாமா.

செலவுக்கு முன் மூன்று சோதனை

மோடம் என்று நாம் சொல்லும் பைபர் பெட்டிக்கு நிறுவனக்காரர்கள் வைத்த பெயர் ஓஎன்டி. அது மூன்று வேலை செய்கிறது. ஒளியை மின்சிக்னலாக்குகிறது, ரவுட்டராக நிற்கிறது, வைஃபையும் தருகிறது. நிறுவனம் உங்கள் வீட்டுக்குத் தருவது ஒரே ஒரு ஐபி முகவரி (இணையத்தில் கதவு எண் மாதிரி). வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5, 192.168.1.6 என்று உள்முகவரி கொடுத்து, யார் என்ன கேட்டார்கள் என்று நினைவில் வைத்து, பதில் வந்ததும் அவரவரிடம் சேர்ப்பது இந்தப் பெட்டிதான். ஆகவே ஒரு கனெக்‌ஷனைப் பல கம்ப்யூட்டர்கள் பகிர்வதற்கென்று தனியாக ரவுட்டர் வாங்கத் தேவையில்லை; பகிர்வு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. குறை எட்டும் தூரத்தில்தான்.

எனவே முதல் சோதனை: ஒரு லேப்டாப்பை லேன் கேபிளால் பெட்டியில் செருகி வேகம் பாருங்கள். இரண்டாவது: அதே அறையில் வைஃபையில் பாருங்கள். மூன்றாவது: மாடியில் வைஃபையில் பாருங்கள். முதல் சோதனையிலேயே 100க்குப் பதில் 30 வந்தால் எந்த ரவுட்டரும் உதவாது. அது நிறுவனத்திடம் புகார் செய்ய வேண்டிய விஷயம். பெட்டியின் நிலைப் பக்கத்தில் ஒளி அளவு என்று ஒரு எண் இருக்கும். அது -15 முதல் -25 வரை இருந்தால் நல்லது. -27ஐ ஒட்டினால் எங்கோ வயர் மடிந்திருக்கிறது அல்லது இணைப்பில் அழுக்கு.

முதல் சோதனையில் 94 வந்து நின்றால் அது குறையில்லை. 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் கையில் கிடைப்பது அவ்வளவுதான். ஆனால் 200, 300 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கிவிட்டு 94 பார்க்கிறீர்கள் என்றால் போர்ட்டைக் கவனியுங்கள். பல ஓஎன்டிகளில் முதல் லேன் போர்ட் மட்டும் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்றவை 100. கேபிளை மாற்றிச் செருகினாலே தீர்ந்துவிடும்.

இரண்டாவது சோதனையில் கேபிளில் 94, வைஃபையில் 35 என்றால் பெரும்பாலும் பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் இருக்கும், வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் இருக்காது. அட்டையில் 300 என்று அச்சிட்டிருப்பார்கள். அது இரட்டை அகலத்தில், பக்கத்து வீட்டு வைஃபை எதுவும் இல்லாத பாலைவனத்துக் கணக்கு. 2.4இல் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. தெருவில் இருபது வீடு இந்த மூன்றில்தான் முட்டிமோதுகிறது.

பெட்டியை இடம் மாற்றுவதும் ஒரு தீர்வுதான், அதுவும் மலிவானது. டிவிக்குப் பின்னாலிருந்து, இரும்பு பீரோவுக்கும் நிலைக்கண்ணாடிக்கும் தள்ளி, மாடிப்படியின் கீழே ஆளுயரத்தில் வைத்தாலே சில வீடுகளில் மாடியின் ஒரு அறை மீண்டுவிடும். பைபர் வயரை நீட்ட இரு முனையும் பச்சை நிறக் கனெக்டர் கொண்ட வயர் கேளுங்கள். நீல முனை பச்சைக்குள் நுழையும், ஆனால் பொருந்தாது. பச்சையின் கண்ணாடி முகம் 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலம் நேரானது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும்.

கேபிளும் இரண்டாவது ரவுட்டரும்

நம் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சொந்த வீடு, சுவரில் துளை போட அனுமதி உண்டு என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. கீழே இருக்கும் ஓஎன்டியிலிருந்து ஒரு லேன் கேபிள் மாடிக்குப் போகிறது. அங்கே ஒரு சாதாரண டூயல்-பேண்ட் (2.4, 5 இரண்டும் தரும்) ரவுட்டர், ரவுட்டராக இல்லாமல் ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது வைஃபை தரும் பெட்டியாக மட்டும் நிற்கிறது. 20 மீட்டர் கேபிள் 500 முதல் 800 ரூபாய், ரவுட்டர் 1,500 முதல் 2,500, பைப்பும் கூலியும் சேர்த்து மொத்தம் நாலாயிரத்துக்குள் முடியும். மாடியில் கீழே கிடைக்கும் அதே வேகம்.

கேபிள் வாங்கும்போது கேட்-6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுத் தூரத்துக்குக் கேட்-5ஈ கூட ஜிகாபிட் தாங்கும். விலை வித்தியாசம் சொற்பம் என்பதால்தான் கேட்-6. மலிவுக் கேபிள்களில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். இரண்டு முறை மடித்தால் ஒடிந்துவிடும், கிரிம்ப் செய்த இடத்தில் நாளடைவில் பிடி விடும். வெளிச்சுவர் வழியாகப் போவதானால் வெயில் தாங்கும் கறுப்பு உறை கொண்ட அவுட்டோர் கேபிள் வேண்டும். சாம்பல் நிற உள்கேபிள் நம் வெயிலில் வெடித்துவிடும்.

வழி எது? பெரும்பாலும் ஜன்னல் சட்டத்தின் ஓரம் ஒரு துளை, வெளிச்சுவரில் பிவிசி பைப், மேலே மாடி அறையில் இன்னொரு துளை. துளையை உள்ளிருந்து வெளியே சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வரும். நுழையும் இடத்துக்கு முன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சுவருக்குள் ஏற்கெனவே கரண்ட் பைப் இருக்கிறதே, அதிலேயே நுழைத்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 230 வோல்ட் வயரோடு லேன் கேபிள் ஒரே பைப்பில் போகக் கூடாது. இரைச்சல் சின்னக் காரணம். உறை உரசித் தேய்ந்தால் அந்த வோல்ட் கம்ப்யூட்டர் வரை வரும் என்பது பெரிய காரணம். பழைய கேபிள் டிவி பைப் காலியாக இருந்தால் அதிர்ஷ்டம்.

முனை அடிக்கும் வண்ண வரிசை, கிளிப் உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையும் ஒரே வரிசை. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். வேலை முடிந்ததும் லேப்டாப்பைச் செருகி, விண்டோஸில் அந்த இணைப்பின் வேகம் 1000 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 100 என்று காட்டினால் இரு முனைப் போர்ட்டும் ஜிகாபிட்தானா என்று முதலில் சரிபாருங்கள். ஜிகாபிட்தான் என்றால் நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி பிடிக்கவில்லை. ஆரஞ்சும் பச்சையும் மட்டும் பிடித்தால் 100 ஓடும். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். கேபிள் போட்டவர் "நெட் வருதுல்ல சார்" என்று கிளம்பிவிடுவது இந்த இடத்தில்தான்.

ரவுட்டர் வாங்கும்போது ஒரு பொறி உண்டு. ஏசி1200 என்று அட்டையில் இருக்கும். 2.4இல் 300, 5இல் 867, கூட்டி முழுமையாக்கினால் 1200. ஆனால் மலிவு மாடல்களில் பின்பக்கப் போர்ட்கள் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. வாய்க்கால் அகலமாக இருந்து மடை குறுகியது போல. இன்றைய 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு அது போதும்தான். நாளை திட்டத்தை உயர்த்தினால் மாடியில் எதுவும் மாறாது. "ஜிகாபிட் போர்ட்" என்று அட்டையில் எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

அமைப்பது பத்து நிமிட வேலை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தது. கேபிளை வேன் போர்ட்டிலேயே (வெளியிலிருந்து நெட் வரும் போர்ட்) செருகலாம். அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டர் என்றால்:

1. ஓஎன்டியோடு இணைக்காமல், ஒரு லேப்டாப்பை மட்டும் அதில் செருகி உள்ளே நுழையுங்கள்.
2. ஓஎன்டி முகவரி 192.168.1.1 என்றால், இதன் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். ஓஎன்டி தானாக வழங்கும் முகவரிகள் 192.168.1.10இலிருந்து தொடங்கும்படி அங்கே மாற்றிவிடுங்கள்.
3. டிஹெச்சிபியை (உள்முகவரி வழங்கும் வேலையை) அணைத்துவிடுங்கள்.
4. வைஃபைக்குப் பெயர், கடவுச்சொல் கொடுங்கள்.
5. கீழிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் வேண்டாம், லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள்.

மூன்றாவது படியை மறந்தால் வரும் தொல்லை விசித்திரமானது. ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி வழங்குவார்கள். எந்தக் கம்ப்யூட்டர் யாரிடம் முதலில் வாங்குகிறதோ அதைப் பொறுத்து ஒன்றில் நெட் வரும், இன்னொன்றில் வராது. அணைத்துப் போட்டால் தலைகீழாகும். பழுது எங்கே என்று தேடித் தேடி ஓஎன்டியையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு.

பலர் செய்வது இன்னொன்று. மாடி ரவுட்டரை அப்படியே ரவுட்டராக விட்டு, வேன் போர்ட்டில் கேபிளைச் செருகிவிடுவார்கள். நெட் வரும். பிரவுசிங், யூடியூப் எல்லாம் ஓடும். ஆனால் இப்போது வீட்டில் இரண்டு வேலி. மேலே இருக்கும் லேப்டாப்புக்குக் கீழே இருக்கும் பிரிண்டர் தானாகத் தென்படாது. மாடி போனிலிருந்து கீழ் டிவிக்கு வீடியோ அனுப்ப முடியாது. ஓஎன்டிக்கு மட்டும் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) வந்து, அதைப் பிரித்துத் தர நிறுவனம் இடம் கொடுக்காவிட்டால், மாடியில் ஐபிவி6 கிடைக்காது. இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்றே வந்திருந்தால் நெட்டே வராமலும் போகலாம், ஏனென்றால் தன் இருபுறமும் ஒரே தெருப் பெயர் இருந்தால் ரவுட்டருக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாது. மாடியில் வாடகைக்கு வேறு குடும்பம் இருந்து, அவர்கள் உங்கள் பிரிண்டரையும் டிவியையும் பார்க்கக் கூடாது என்று நினைத்தால் மட்டும் மாடிக்குத் தனி ரவுட்டர் கொடுக்கலாமே என்று தோன்றும். உண்மையில் மாடி ரவுட்டர் வேலிக்கு உள்ளே இருப்பவர்களைத்தான் மறைக்கும். அங்கிருந்து கீழ்வீட்டுக் கருவியின் முகவரியை அடித்துத் தேடினால் கிடைத்துவிடும். ஓஎன்டியிலேயே கெஸ்ட் நெட்வொர்க் (வீட்டுக் கருவிகளைக் காட்டாத தனிப் பிரிவு) அமைப்பதுதான் அதற்குச் சரி. கனெக்‌ஷன் உங்கள் பெயரில் இருக்கிறது, நாளை ஏதாவது கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

வைஃபை பெயர் இரண்டு மாடிக்கும் ஒன்றா, வேறா? ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைத்தால் போன் படியேறும்போது தானே மாறிக்கொள்ளும். ஆனால் எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது போன்தான். சில பழைய போன்கள் கீழ் சிக்னலைக் கடைசி மூச்சு வரை விடாது. அப்போது இரண்டு பெட்டியிலும் ஒலிபரப்புத் திறனை 'நடுத்தரம்' ஆக்குங்கள். சேனல் கட்டாயம் வேறாக இருக்க வேண்டும்: கீழே 1, மேலே 11, 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36, மேலே 149.

ரிப்பீட்டர்

சுவர் பிளக்கில் செருகும் சிறு பெட்டி, 1,200 முதல் 2,500 ரூபாய். கேபிள் வேண்டாம், துளை வேண்டாம். அதனால்தான் விற்கிறது. ஆனால் ஒற்றைப் பேண்ட் ரிப்பீட்டர் ஒரே வாயால் கேட்டுச் சொல்ல வேண்டும். ஒரு துண்டைக் கீழிருந்து வாங்கும் நேரத்தில் மேலே கொடுக்க முடியாது. 60 எம்பிபிஎஸ் கிடைக்கும் இடத்தில் வைத்தால் மாடிக்கு 30. டூயல்-பேண்ட் மாடல் 5இல் வாங்கி 2.4இல் கொடுத்து இதைச் சமாளிக்கும். ஆனால் காங்கிரீட் தளத்தைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் சரியாக வருவதில்லை என்பதுதானே மூலக் குறை.

எல்லோரும் செய்யும் தவறு, சிக்னல் கிடைக்காத அறையிலேயே அதை மாட்டுவது. கிடைக்காத சிக்னலை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் கடைசி இடம்தான் அதற்கு உரியது, அதாவது மாடிப்படி திரும்பும் இடம். நம் வீடுகளில் அந்த இடத்தில் லைட் சுவிட்ச் இருக்கும், பிளக் பாயின்ட் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாயின்ட் இழுக்கும் செலவில் லேன் கேபிளையே இழுத்துவிடலாம்.

ஒரு அறையில் போனில் வாட்ஸ்அப் வந்தால் போதும் என்பவருக்கு ரிப்பீட்டர் போதும். ஆபீஸ் லேப்டாப்புக்கு வேண்டாம்.

மெஷ்

மெஷ் என்றால் ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக நடந்துகொள்ளும் இரண்டு மூன்று பெட்டிகள். இரண்டு பெட்டி டூயல்-பேண்ட் தொகுப்பு ஐயாயிரத்திலிருந்து தொடங்கும். பெட்டிகளுக்கிடையே பேசத் தனி அலைவரிசை வைத்த டிரை-பேண்ட் தொகுப்பு அதைவிட இரு மடங்குக்கு மேல் போகும். போன் எப்போது எந்தப் பெட்டிக்கு மாற வேண்டும் என்று இவை சாடை காட்டும்; நடந்துகொண்டே வீடியோ அழைப்பு பேசுபவர்களுக்கு இது உண்மையிலேயே சுகம்.

விளம்பரம் சொல்லாத சங்கதி, மெஷ்ஷும் அதே தளத்தைக் காற்று வழியாகத்தான் கடக்கிறது. ஹாலுக்குள்ளேயே படிக்கட்டு ஏறும் திறந்த அமைப்பு வீட்டில், கீழ்ப் பெட்டியும் மேல் பெட்டியும் ஒன்றையொன்று 'பார்க்கும்'. அங்கே மெஷ் பிரமாதமாக ஓடும். படிக்கட்டு வீட்டுக்கு வெளியே இருந்தால், சிக்னல் தளத்தைத் துளைக்க வேண்டும் அல்லது ஜன்னல் வழியாக வெளியே போய் உள்ளே வர வேண்டும்; பத்தாயிரம் ரூபாய்த் தொகுப்பும் ரிப்பீட்டர் நிலைக்கு இறங்கிவிடும். ஒரே தளத்தில் நீண்டு கிடக்கும் வீட்டுக்கும், ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் முகம் சுளிக்கும் வாடகை வீட்டுக்கும் மெஷ் சரியான தேர்வு. மெஷ் வாங்கியும் அதன் பெட்டிகளைக் கேபிளால் இணைத்துவிட்டால் குறையே இல்லை, ஆனால் அப்போது நீங்கள் செய்வது மேலே சொன்ன கேபிள் வேலைதான், கூடுதல் விலையில்.

வாங்கினால் இரண்டு விஷயம். ஓஎன்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன்கள் பழைய பெயரிலேயே ஒட்டிக்கொள்ளும். மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடில் வையுங்கள். இல்லாவிட்டால் மேலே சொன்ன இரட்டை வேலி. கரண்ட் வந்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு நிமிடம் காணாமல் போனால் பதறாதீர்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்க வேண்டும் என்பது விதி.

கரண்ட் வயர் வழி, தனிக் கனெக்‌ஷன், கம்ப்யூட்டர்

வீட்டுக் கரண்ட் வயரிலேயே நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டர்கள் உண்டு. நம் வீடுகளுக்கு இதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. மூன்று பேஸ் வீட்டில் கீழ்த்தளம் ஒரு பேஸ், மாடி இன்னொரு பேஸ் என்று பிரித்திருப்பார்கள். பேஸ் மாறினால் சிக்னல் தேய்ந்துவிடும். இன்வெர்ட்டர் லைன் தனி. ஸ்பைக் பஸ்டரில் செருகினால் அது சிக்னலை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடும். மிக்ஸி ஓடும்போது வேகம் தள்ளாடும்.

மாடிக்கென்று இன்னொரு கனெக்‌ஷன்? மாதம் 500 ரூபாய் என்றாலும் 18 சதவீத ஜிஎஸ்டியோடு ஆண்டுக்கு 7,080. ஒரு முறை கேபிள் போடும் செலவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு, ஒவ்வொரு ஆண்டும். ஒன்று போனால் இன்னொன்று இருக்க வேண்டும் என்ற கட்டாயம் உள்ள வேலைக்கு மட்டும் நியாயம். அப்போதும் வேறு நிறுவனத்திடம் வாங்குங்கள். ஒரே நிறுவனம் என்றால் தெருவில் ஒரு வயர் அறுந்தாலே இரண்டும் போகும்.

கம்ப்யூட்டரையே ரவுட்டராக்கும் வழியை மைக்ரோசாஃப்ட் 1999இல் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே கொடுத்துவிட்டது. இன்றும் விண்டோஸில் மொபைல் ஹாட்ஸ்பாட் என்று இருக்கிறது. எட்டுக் கருவிகள் வரை சேரும். கேபிள் மட்டும் உள்ள விடுதி அறையில் கை கொடுக்கும். அந்தக் கம்ப்யூட்டர் தூங்கினால் எல்லோருக்கும் நெட் தூங்கும் என்பதால் வீட்டுக்கு நிரந்தரத் தீர்வாகாது.

ஓஎன்டியை பிரிட்ஜ் ஆக்கி, சொந்த ரவுட்டரைத் தலைவராக்கலாமா?

இது மேலே சொன்னவற்றுக்கு மாற்று இல்லை, தனி முடிவு. ஓஎன்டி ஒளியை மட்டும் மாற்றிக் கொடுக்கும். முகவரி வழங்குவது, வேலி போடுவது எல்லாம் நீங்கள் வாங்கிய ரவுட்டர். இதற்கு பிபிபிஓஇ (நிறுவனத்தின் நெட்டில் நுழையும் முறை) பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் எண் (வயருக்குள் உங்கள் நெட்டுக்கு ஒதுக்கிய பாதையின் எண்) மூன்றையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். சில நிறுவனங்கள் கொடுக்கும், சில பெட்டியைத் தொடவே விடாது. லேண்ட்லைன் போன் அதே பெட்டியில் ஓடினால், மாற்றிய பிறகு டயல் டோன் வருகிறதா என்று பாருங்கள். உள்ளூர்க் கேபிள்காரர் கனெக்‌ஷன் சில இடங்களில் முதலில் இணைத்த கருவியின் மேக் முகவரியோடு (கருவியின் அடையாள எண்) கட்டப்பட்டிருக்கும். புது ரவுட்டரில் அந்த எண்ணை நகலெடுக்கும் 'மேக் குளோன்' செய்யாமல் நெட் வராது.

இதில் ஒரு பொதுவான தடுக்கல். பிரிட்ஜ் ஆக்கிய பெட்டியில் ரவுட்டருக்குப் பதில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்சைச் செருகி நாலு கம்ப்யூட்டரை மாட்டினால் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் நெட் வரும். ஸ்விட்ச் போர்ட்களைப் பெருக்கும், முகவரியைப் பங்கிடாது. ரவுட்டருக்குப் பின்னால்தான் அதற்கு இடம்.

எதற்காக இவ்வளவு பாடு? வெளியிலிருந்து கேமரா டிவிஆரைப் பார்க்கத்தான் என்றால், முதலில் ரவுட்டருக்கு வந்திருக்கும் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64க்கும் 100.127க்கும் இடையே தொடங்கினால் நிறுவனமே உங்கள் தலைக்கு மேல் இன்னொரு வேலி போட்டிருக்கிறது. நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் ஐபிவி4இல் (பழைய வகை முகவரியில்) பயனில்லை.

உண்மையான காரணம் வேறு: வரிசை. 100 எம்பிபிஎஸ் இருந்தும், ஒருவர் போன் அன்றைய கல்யாண வீடியோக்களை மேகத்தில் ஏற்றத் தொடங்கினால், மாடியில் ஆபீஸ் அழைப்பு திக்குகிறது. அப்லோட் பாதை நிறைந்ததும் பெட்டி மிச்சத்தைத் தூக்கி எறியாமல் வரிசையில் நிறுத்துகிறது. அழைப்பின் சின்னச் சின்னத் துண்டுகள் அந்த நீண்ட வரிசையின் வாலில் போய் நிற்கின்றன. தொடர்ந்து பிங் (பதில் வர எடுக்கும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டுக்கொண்டு ஒரு பெரிய கோப்பை ஏற்றிப் பாருங்கள். 10 மில்லிசெகண்ட் 300 ஆனால் இதுதான் நோய். திட்டத்தை 200 ஆக்கினாலும் நோய் முழுக்கத் தீராது. அடைக்க நேரம் ஆகும், அவ்வளவே.

மருந்து, எஸ்க்யூஎம் என்ற வரிசை நிர்வாகம். ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்றக்கூடிய ரவுட்டர்களில் கிடைக்கும். கேபிளில் அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாக வைத்தால், வரிசை நிறுவனத்தின் பெட்டியில் தேங்காமல் உங்கள் ரவுட்டரில் நிற்கும். அது ஒவ்வொருவருக்கும் முறை வைத்து அனுப்பும். பத்து சதவீத வேகத்தைக் கொடுத்து அமைதியை வாங்குகிறோம். சாதாரண ரவுட்டரில் அந்த ஒரு போனுக்கு மட்டும் அப்லோட் வரம்பு போடலாம். ஆனால் ஆக்சஸ் பாயின்ட்டாக நிற்கும் பெட்டியில் இந்த அமைப்புகள் பெரும்பாலும் மறைந்துவிடும், ஏனென்றால் அது இப்போது ரவுட்டர் இல்லை. வரிசையை யார் நிர்வகிக்க வேண்டுமோ அவர்தான் வாசலில் நிற்க வேண்டும். வீட்டில் இந்தச் சண்டை இருந்தால் மட்டும் பிரிட்ஜ் வேலையில் இறங்குங்கள்.

கரண்ட் போனால்

கீழே ஓஎன்டி இன்வெர்ட்டர் பிளக்கில் இருக்கும், மாடி ரவுட்டர் சாதாரணப் பிளக்கில் இருக்கும். முதல் மின்வெட்டில்தான் தெரியும். மாடியில் இன்வெர்ட்டர் பாயின்ட் இல்லையென்றால் ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று போதும். ஆனால் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். பல பெட்டிகள் 12 வோல்ட், சில சிறு ரவுட்டர்கள் 9. பின் அளவு ஒன்றே என்பதால் 12ஐ 9இல் செருகிக் கருக்கிவிட முடியும்.

இதையெல்லாம் செய்தும் கரண்ட் போனால் நெட்டும் போகிறதா? ஓஎன்டிக்கும் நிறுவனத்துக்கும் நடுவே தெருவில் இருப்பது ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் பைபர் ஸ்பிளிட்டர் என்றால் அதற்குக் கரண்டே வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வருவது பைபராக இல்லாமல் பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து வரும் லேன் கேபிள் என்றால், அங்கே ஒரு ஸ்விட்ச் பெட்டி யாரோ ஒருவரின் கரண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படி வெளியே திறந்த வெளியில் வரும் செம்புக் கேபிள் இடி மின்னல் நாளில் ரவுட்டரின் வேன் போர்ட்டையும் சில சமயம் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொண்டுபோகும். மழைக்காலத்துக்கு முன் அந்தக் கேபிள்காரரிடம் பைபருக்கு மாற்றித் தரக் கேளுங்கள்.